படகில் பால் காய்ச்சிய ஞாயிறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகு இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. அம்மா பத்திரமாக ஈரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த கையோடு நடந்ததைத் தெரு முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார். அவர் சொன்ன கதையில் படகு பாதி எரிந்திருக்கிறது போல. "ஏம்புள்ள, தண்ணிக்கு நடுவுல தீப்பிடிச்சா எங்க ஓடுவீங்க?" என்று எதிர்வீட்டு அத்தை குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். "கல்கத்தாவுல உனக்கு எதுக்குக் கண்ணு படகு?" என்று சித்தப்பா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இது.

நான் இங்கே வந்து நான்கு வருடம் நிறைந்த ஞாயிறு அது. நாள் பார்த்தது நான் இல்லை. அம்மா நல்ல நேரம் பார்த்துச் சொன்ன தேதி தானாகப் பொருந்திவிட்டது. முதன்முதலாக ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கியபோது தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வங்காளம் வராது. இப்போது பெஹாலாவில் வாடகை வீடு, கார்டன் ரீச் பக்கம் ஒரு கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. அங்கே என் பெயர் ஜாலினி. யாழினி என்று எழுதிக் கொடுத்தாலும் இவர்கள் வாயில் 'ய' நுழைந்தால் 'ஜ'வாகத்தான் வெளியே வரும். 'ழ'வைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முதல் வருடம் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது போனை எடுத்து நானே "ஜாலினி போல்ச்சி", அதாவது ஜாலினி பேசுகிறேன், என்கிறேன்.

2

படகு என்னுடையது இல்லை. மௌமிதாவுடையது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை, ஹவுராக்காரி, என் வயது. அவளுடைய பெரியப்பா, அதாவது ஜேட்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல் இந்தப் படகைத்தான் வைத்துக் காப்பாற்றினார். போன வருடம் அவர் இறந்தபோது மௌவின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். ஷாலிக் என்று பெயர். மைனா என்று அர்த்தம். ஒற்றைப் பாய்மரம், ஃபைபர் உடம்பு, எங்கள் இரண்டு பேரையும்விட வயது அதிகம். மினிபஸ் நீளம் இருக்கும். உள்ளே இறங்கினால் இரண்டு படுக்கை, நடுவில் ஒரு மேசை, ஏணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சமையல் மூலை.

படகு மௌவின் பெயரில், அதில் வேலை முழுக்க என் பெயரில் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். உண்மைதான். கப்பல் கட்டப் படித்துவிட்டு நாள் முழுக்கக் கணினியில் யாருடைய கப்பலுக்கோ குழாய் வரைகிறவளுக்கு, கையால் தொட ஒரு படகு கிடைத்தால் விடுவேனா? சனிக்கிழமை விடிந்தால் நான் ஆற்றங்கரையில் இருப்பேன்.

குளிர்காலத்தில் ஆற்றோடு இறங்கி முகத்துவாரம் வரைக்கும் போய்விட்டு வர வேண்டும், ஒரு வாரம் படகிலேயே தங்க வேண்டும் என்பது திட்டம். அதற்குச் சமைக்க வேண்டும், சாப்பாடு கெடாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஷாலிக்கில் வழி இல்லை. மௌவின் அம்மாவுக்கோ படகே வேண்டாம். ஊருக்கு வெளியே ரிசார்ட் கட்டுகிற ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். புல்வெளியில் படகை நட்டுவைத்து, உள்ளே ஜூஸ் கடை போடப் போகிறாராம். எனக்கு அதைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

நான் கேஸ் அடுப்பு வைக்கலாம் என்றேன். மௌ என்னையே பார்த்தாள்.

"வை. உன் இஷ்டம். ஆனா கேஸ் பக்கத்துல எனக்குத் தூக்கம் வராது, ஜாலினி. தூங்க முடியாத படகை வெச்சு நான் என்ன பண்றது? அதுக்கு அந்த ஜூஸ்காரருக்கே கொடுத்துடலாம், அம்மாவாவது நிம்மதியா இருப்பாங்க."

அவள் பேசுவது பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். என் தலைக்குள் அது தமிழாகத்தான் இறங்குகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு தடவை சமைச்சுப் பார்ப்போம். அப்புறம் சொல்லு" என்றேன்.

"சரி. ஒரு தடவை."

3

பழைய அடுப்பு பித்தளை பம்பு ஸ்டவ். இரண்டு பர்னர். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்பு அடித்து, தழல் நீலமாகும் வரைக்கும் கடவுளை வேண்டிக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் தீ ஆளுயரத்துக்கு எழும்பும். நான் எப்போதும் அவசரப்படுவேன். கூரையில் அதற்கான கறுப்பு வட்டம் இருக்கிறது. மண்ணெண்ணெயும் இப்போது லேசில் கிடைப்பதில்லை. கரண்ட் அடுப்பு வைக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கிற பேட்டரிக்கு அது ஒரு சாம்பார் தாங்காது.

ஐஸ் பெட்டி அதைவிட மோசம். மீன் சந்தையிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். மத்தியானத்துக்குள் பெட்டியில் வெறும் தண்ணீரும் பழைய இலிஷ் மீன் வாசனையும்தான் மிச்சமிருக்கும். ஏன் இப்படி என்று ஒரு சனிக்கிழமை சுவரைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்த ஃபோம் ஊறிப்போய், பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, கையில் தெர்மகோல் இருந்ததே என்று அதை வைத்து மேலே ரெசின் பூசினேன். கண் முன்னாலேயே தெர்மகோல் சர்க்கரை மாதிரி கரைந்து காணாமல் போனது. மௌ படகே ஆடும்படி சிரித்தாள். "பரீட்சைல நீதானே முதல் மார்க்?"

மறுபடி சரியான ஃபோம் பலகை வாங்கி, ஈரம் நுழையாமல் ஷீட் ஒட்டி, மூடிக்கு ரப்பர் வைத்து, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றையும் பொருத்தினோம். அப்படியும் பெட்டி சரியாகக் குளிரவில்லை. அடியில் ஐஸ் தண்ணீர் வடிவதற்காக ஒரு துளை விட்டிருந்தார்கள். அந்தத் துளைக்கு நேர் கீழே கையை நீட்டினால் ஜில்லென்று காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. ஓட்டை கிடைத்தால் தண்ணீர் மாதிரி கீழே இறங்கிப் போய்விடும். எங்கே போகும்? தரைப் பலகைக்கு அடியில், படகின் அடிப்பள்ளத்துக்கு. ரப்பர் மூடி போட்டு அந்தத் துளையை அடைத்தேன்.

கையில் அந்தக் குளிர் இன்னும் இருக்கும்போதே மௌவின் பயம் எனக்குப் புரிந்தது. சமையல் கேஸும் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம், கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் போகும். படகு ஒரு கிண்ணம். கசிந்த கேஸ் கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஈரோட்டில் எங்கள் சிலிண்டர் சமையல் மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடியிருக்கும். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அம்மா திரை வேறு தைத்துப் போட்டிருந்தார். இங்கே அப்படி வைத்தால் அவ்வளவுதான். அதனால் சிலிண்டரைப் பின்பக்கம், தளத்துக்கு மேலே, தனிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் நேராக ஆற்றுக்கு மேலே போய்த் திறக்கும். அடிப்பள்ளத்தில் கேஸ் மோப்பம் பிடிக்கும் அலாரம் ஒன்று. பச்சை விளக்கு எரிந்தால் நலம், கத்தினால் ஓட வேண்டும்.

4

அடுப்பு கோவாவிலிருந்து வந்தது. அங்கே ஒரு படகைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சாதாரண அடுப்பு படகுக்கு ஆகாது. இது இரண்டு பக்கமும் ஆணியில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடித் தன்னை மட்டம் செய்துகொள்ளும். இன்னொரு விசேஷம், பர்னர் ஓரத்தில் சின்ன ஊசி மாதிரி ஒரு சென்சார். தீ அணைந்தால் அது ஆறும். ஆறினால் கேஸ் தானாக அடைபடும். அதனால் பற்றவைக்கும்போது ஊசி சூடாகும்வரை கேஸ் திறக்கும் திருகை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். எனக்கு அதுவே பெரிய தவம்.

ரயில் பார்சலில் ஹவுராவுக்கு வந்ததை எடுக்கப் போனோம். அனுப்பியவர் 'படகு உதிரி பாகம்' என்று எழுதிவிட்டிருந்தார். கவுண்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"எந்தப் படகு?"

"எங்க படகு தாதா." தாதா என்றால் இங்கே அண்ணன்.

"அதோட பேப்பர்?"

"அடுப்பு எடுக்க எதுக்குப் படகு பேப்பர்?"

"படகு பாகம்னு போட்டிருக்கு. படகு இருக்குன்னு நான் எப்படி நம்பறது?"

மௌ போனில் படத்தைக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா இது போட்டோ" என்றார். பிறகு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பர்னரில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, உள்ளே கேஸ் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். கடைசியில் பெரிய அதிகாரி வந்தார். அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ரெண்டு பொண்ணுங்க, ஒரு அடுப்பு. வீட்டுச் சாமான்னு போட்டு அனுப்புப்பா" என்றார். மௌ சண்டைக்குக் கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சமத்துவம் பிறகு, அடுப்பு முதலில்.

5

அம்மா வந்தது அடுப்புக்காக இல்லை. மகள் வருஷத்துக்கு வருஷம் வேறு யாரோ மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். பார்த்துவிட்டுப் போக வந்தார். வந்த முதல் நாளே சந்தேகம் உறுதியாகிவிட்டது. பருப்பில் நான் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டதைப் பார்த்துவிட்டார்.

"அதென்ன கண்ணு போட்ட?"

"சும்மா, ருசிக்கு."

"என்ற ஊட்டுப் பருப்புல எந்த ருசி கொறைஞ்சுது?"

பிறகு கீழ்வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்க, நான் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ பேசறப்ப மொகமே வேற மாதிரி ஆகுது சாமி" என்றார். வருத்தமா, ஆச்சரியமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரோடு பேசும்போது நான் 'சரி'க்கு வரும் வங்காள 'ஆச்சா'வை விழுங்கப் பழகிக்கொண்டேன். அவர் போகும்வரைக்கும் பருப்பில் சர்க்கரையும் போடவில்லை.

படகைப் பற்றிச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, "பால் காச்சிட்டீங்களா?"

"வீடு இல்லீங்கம்மா அது."

"அடுப்பு வெச்சிருக்கற, படுக்கை வெச்சிருக்கற, ஒரு வாரம் தங்கறேங்கற. பின்ன அதென்ன, பஸ்ஸா?"

இப்படித்தான் புது அடுப்பின் முதல் சமையல் பால் என்று முடிவானது. மௌவுக்கு ஒரே குஷி, புதுச் சடங்கு என்றால் விடமாட்டாள். பால் காய்ச்சக் குறித்த அதே ஞாயிறு சாயங்காலம் ரிசார்ட்காரர் அவளுக்குப் போன் செய்வதாக இருந்தது. ஆம் அல்லது இல்லை, ஒரே பதில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

6

காலையில் கடல் ஏற்றம் வந்து, ஆற்றுத் தண்ணீர் படிக்கட்டு வரை நிறைந்திருந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். தரைப் பலகையில் அரிசி மாவால் ஒரு சின்னக் கோலம். கோலத்துக்கு நடுவில் காமாட்சி விளக்கு. ஸ்டவ்வே ஒரு நெருப்புதானே, விளக்கு என்ன செய்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐஸ் பெட்டியிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்ததும் அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஜில்லுன்னு இருக்குது" என்று எனக்கு முதல் மார்க். புது எவர்சில்வர் பாத்திரம். படகில் எதையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பாத்திரத்தை இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கிவைக்க வேண்டும்.

"அரைப் பாத்திரம் பால் எந்தக் காலத்துல கண்ணு பொங்கும்?" என்று கழுத்து வரைக்கும் ஊற்றினார். "இந்தக் கம்பி என்னத்துக்கு? கையக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குது, எடு."

"கம்பி இருக்கட்டுங்கம்மா."

"செரி, அது இருக்கட்டும். பால் பொங்கோணும்."

அதுதான் விஷயம். நம் ஊரில் பால் பொங்கி வழிந்தால் மங்களம். அதற்காகத்தான் காய்ச்சுகிறோம். படகு அடுப்பு செய்தவர்களோ பால் பொங்கவே கூடாது என்று ஆணி, கம்பி, தடுப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நான் திருகை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மௌ உள்ளே வரவில்லை. ஏணியில் உட்கார்ந்து, தலையை வெளியே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பால் ஏடு கட்டியது. ஓரம் நடுங்கியது. அந்த நேரம் பார்த்து ஆற்றில் ஒரு பெரிய சரக்கு பார்ஜ் போக, அதன் அலை வந்து ஷாலிக்கைத் தூக்கிப் போட்டது. அடுப்பு ஆடியது, பால் குபுக்கென்று எழும்பி நான்கு பக்கமும் வழிந்தது.

"கெழக்கால! கெழக்கால பொங்கிருச்சு!" அம்மா கைகூப்பினார்.

மௌவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாக்கைச் சுழற்றி உலு போட்டாள், கல்யாணத்தில் போடுவார்களே, நம் குலவை மாதிரி. அம்மா சிலிர்த்துப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை யாருமே பார்க்கவில்லை. சடங்குக்குப் பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கிற வழக்கம் நமக்கு ஏது?

உலு பாதியில் நின்றது.

"ஜாலினி. வாசனை."

பர்னர் முழுக்கப் பால். தீ இல்லை. ஊசி இன்னும் ஆறவில்லை. அது ஆறும்வரை கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். நான் திருகை மூடினேன். மூடிய கையோடு கண் தரைக்குப் போனது. கோலத்துக்கு நடுவில் காமாட்சி விளக்கு, அழகாக, நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. கேஸ் எங்கே இறங்குமோ, சரியாக அந்த இடத்துக்கு மேலே. பக்கத்திலேயே ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. அதில் பொறி வராது என்று படித்திருக்கிறேன். படித்ததை நம்புகிற நேரமா அது?

குனிந்து விளக்கை ஊதப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"வாயால ஊதாத!"

"அம்மா!"

"ஊதாதங்கறேன்ல!" என்று சொல்லிக்கொண்டே தலையிலிருந்த செவ்வந்தியைப் பிய்த்துத் திரியை எண்ணெய்க்குள் அமுக்கினார். நான் ஊதி முடித்திருக்கும் நேரத்தைவிடச் சீக்கிரமாக விளக்கு அமர்ந்துவிட்டது. இன்றைக்கும் இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் மேல போங்க. சுவிட்சு எதையும் தொடாதீங்க."

மேலே வந்ததும் சிலிண்டர் வால்வை மூடினேன். பிறகு தளத்தில் இருக்கிற கை பம்பைப் பிடித்துக்கொண்டேன். அடிப்பள்ளத்துத் தண்ணீரை இறைக்க வைத்திருப்பது. தண்ணீரை இறைக்கிற பம்பு அங்கே தங்கியிருக்கிற கேஸையும் இறைக்கும். அடித்தேன். குழாயிலிருந்து புஸ் புஸ் என்று வெறும் காற்று ஆற்றுக்குப் போனது.

"தண்ணியே வர்ல, எதைக் கண்ணு எறைக்கற?"

"கேஸும்மா. கண்ணுக்குத் தெரியாது."

அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு, "தள்ளு. உனக்குத் தோள்ல பலமில்ல" என்று பம்பைப் பிடுங்கிக்கொண்டார். தெருவில் அடிபைப்பில் குடம் குடமாக அடித்த கை. ஒன்றுமே வராத பம்பை அவர் அப்படி மூச்சுவாங்க அடித்ததை அக்கம்பக்கப் படகுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "கீ ஹோயேச்சே, மாஷிமா?" என்று ஒருவர் கேட்டார். என்ன ஆச்சு அம்மா என்று அர்த்தம். அம்மா தமிழில், "ஒண்ணுமில்லீங்க, பால் காச்சறோம்" என்றார்.

மௌ தளத்தின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் புல்வெளியும் ஜூஸ் கடையும் என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன.

7

வாசனை போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே இறங்கினேன். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அலாரத்தில் பச்சை விளக்கு.

"மௌ, அலாரம் கத்தவே இல்லை பாரு. அவ்வளவு கொஞ்சமாத்தான் வந்திருக்கு. அதுக்குள்ள மூடியாச்சு. கீழ ஒண்ணுமே தங்கலை."

அவள் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இல்லைன்னா அலாரம் செத்துப்போயிருக்கு."

நியாயமான சந்தேகம். கத்தாத அலாரத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பச்சை விளக்கு எரிகிறது என்றால் கரண்ட் வருகிறது என்றுதான் பொருள், மூக்கு வேலை செய்கிறது என்று இல்லை. பொருத்திய அன்றைக்குப் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன்.

"கேஸைக் காட்டித்தான் பார்க்கணும். லைட்டர் இருந்தா பத்தவைக்காம அதுல இருக்கற கேஸை மட்டும் விடலாம். யார்கிட்ட இருக்கும்?"

மௌ தயங்கினாள். அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு பையின் உள்ளறையிலிருந்து சிகரெட் லைட்டர் ஒன்றை எடுத்து, முழங்கைக்குக் கீழே மறைத்துக் கொடுத்தாள்.

"இது எதுக்கு கண்ணு உனக்கு?" அம்மா. தமிழில்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வி எந்த மொழியிலும் புரியும்.

"மோம்பாத்தி, மாஷிமா" என்றாள் மௌ. மெழுகுவத்திக்காம். அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையிலிருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன்.

தரையில் குப்புறப் படுத்து, கையை அடிப்பள்ளத்துக்குள் விட்டு, சக்கரத்தைச் சுழற்றாமல் லைட்டரின் கட்டையை மட்டும் அழுத்தினேன். ஸ்ஸ் என்று கேஸ் போனது. பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. இன்னும் அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

"கத்தலை" என்றாள் மௌ.

"இரு."

"ஜாலினி, கத்தலை. விடு. போதும்."

அப்போதுதான் கத்தியது. கத்தியது என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அப்படி ஒரு ஓலம். நான் தலையைப் பலகையில் இடித்துக்கொண்டேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேலே படகுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். மௌ ஏணியிலிருந்து அப்படியே சரிந்து கீழே வந்து, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தாள். அலாரம் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

ஓய்ந்தபோது அம்மா சொன்னார், "நல்லாக் கத்துது. நம்மூட்டுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு."

பிறகு நான் சிலிண்டரைத் திறந்துவிட்டு வருவதற்குள் அவரே பர்னரைத் துடைத்தார். திருகை அழுத்திப் பிடித்து, நான் சொல்லச் சொல்ல, ஊசி சூடாகும்வரை பொறுமையாக நின்றார். என்னைவிட நன்றாக நின்றார் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். மிச்சமிருந்த பாலை இறக்கி மூன்று டம்ளரில் ஊற்றினார். அரிசியும் பருப்பும் களைந்து, இந்த முறை பாத்திரத்தில் பாதிதான் போட்டார். வெண்பொங்கலும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கெட்டித் தயிரும், மௌ கொண்டுவந்திருந்த வெல்லச் சந்தேஷ் இனிப்பும். தயிர் ஈரோட்டுத் தயிர் மாதிரியே உறைந்திருந்தது. அதற்கு எனக்கு இரண்டாவது மார்க்.

மௌ உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா அவளுக்கு மூன்று முறை போட்டார், வேண்டாம் என்பதை வங்காளத்தில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாதாம். கை கழுவிவிட்டு அவள் படுக்கையில் சும்மா சாய்ந்தாள். நானும் அம்மாவும் பாத்திரத்தை மேலே கொண்டுபோய்க் கழுவினோம். சாயங்காலம் ஏற்றம் வடிந்து ஆறு பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் படகுகள் திரும்ப ஆரம்பித்திருந்தன. அம்மா கழுவிக் கொடுக்க, நான் துடைத்து அடுக்கினேன். நன்றாக இருந்தது.

கீழே எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு ஒரு கை தூரத்தில், தலைக்கு என் பையை வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மௌ தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய போன் மேலே, என் பக்கத்தில்தான் கிடந்தது. அடித்தது. திரையில் ரிசார்ட்காரர் பெயர். நான் எழுப்பட்டுமா வேண்டாமா என்று கையை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துக் காதில் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் வங்காளத்தில் நீளமாக ஏதோ கேட்டது. அம்மா மரியாதையாக முழுதும் கேட்டுக்கொண்டார்.

"புள்ள தூங்குதுங்க. எழுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.